வாக்குத்தத்த அட்டை பலிக்காத வருஷங்கள்ல நம்பிக்கையை எப்படி வச்சுக்கிறது?

சகோதரி, உங்க கேள்வியை நான் எப்படிப் புரிஞ்சுக்கிட்டேன்னு முதல்ல சொல்லிடுறேன், தப்பா இருந்தா திருத்துங்க. உங்களுக்கு 37 வயசு, மதுரையில ஒரு தனியார் ஸ்கூல்ல டீச்சர், பத்துப் பன்னெண்டு வருஷமா வீட்டுல வரன் பாக்குறாங்க, ஒண்ணும் அமையல, தங்கச்சிக்கு முடிஞ்சு அவ பிள்ளையே ஸ்கூலுக்குப் போக ஆரம்பிச்சிருச்சு. ஒவ்வொரு டிசம்பர் 31 ராத்திரியும் வாட்ச் நைட் ஆராதனையில, வர்ற வருஷத்துக்குன்னு ஒரு வேத வசனம் அச்சடிச்ச வாக்குத்தத்த அட்டையைக் கூடையில இருந்து எடுக்குறீங்க, அதைப் பைபிளுக்குள்ள வச்சு வருஷம் முழுக்க ஜெபிக்கிறீங்க, அடுத்த டிசம்பர் வரும்போது அந்த அட்டையை எடுத்துப் பாக்கவே மனசு வர மாட்டேங்குது. சபையில யார்ட்ட சொன்னாலும் ‘கர்த்தருடைய வேளைக்குக் காத்திருங்க சிஸ்டர்’ங்குறாங்க, ஒருத்தர் ‘விசுவாசத்துல எங்கயோ குறை இருக்கு, உபவாசம் எடுங்க’ன்னே சொல்லிட்டார். நம்பிக்கையை விடாம இருக்க என்ன வழி, இதுக்காக ஜெபிக்கிறதை நிறுத்துனா பாவமா, இந்த வருஷம் வாட்ச் நைட்டுக்குப் போகாம இருக்கலாமா, இதுதான் நீங்க கேட்டது. ஆனா நடுவுல ஒரு வரி எழுதியிருக்கீங்க, ‘கர்த்தருக்கு என் பேரு ஞாபகம் இருக்கான்னே தெரியல’ன்னு. நீங்க உண்மையில கேக்குறது அதைத்தான்னு எனக்குப் படுது.

நான் அரசரடி இறையியல் கல்லூரியில படிச்சு, திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் கிராமச் சபைகள்ல ஆயரா இருந்தவன், இப்ப ஆஸ்பத்திரியில நோயாளிங்களையும் கூட இருக்கவங்களையும் பாத்துப் பேசி ஜெபிக்கிற வேலையில இருக்கேன். காத்திருக்கவங்களோடதான் என் ஊழியம் பெரும்பகுதி போயிருக்கு. அதுல கத்துக்கிட்டதையும் வேதத்துல இருக்கதையும் வச்சு எழுதுறேன், எது உறுதி எது என்னோட அபிப்பிராயம்னு அங்கங்க பிரிச்சே சொல்றேன்.

விசுவாசக் குறைங்குற பேச்சை முதல்ல முடிச்சிருவோம், ஏன்னா அதுதான் உங்களை ரொம்பக் காயப்படுத்தியிருக்கு. ஆபிரகாம் ஆரானை விட்டுக் கெளம்பும்போது 75 வயசு, ஈசாக்கு பொறக்கும்போது 100. நடுவுல இருபத்தஞ்சு வருஷம், அந்த இருபத்தஞ்சு வருஷமும் அவரு அசையாம நம்பிக்கிட்டு இருந்தாருன்னு ஆதியாகமம் சொல்லல, அவரு சிரிச்சாரு, சாராளும் சிரிச்சாங்க, நடுவுல ஆகார் வழியா தாங்களே ஒரு ஏற்பாடு பண்ணி அதனால ஒரு அடிமைப் பொண்ணும் அவ பிள்ளையும் வனாந்தரத்துல தவிச்சாங்க. அம்புட்டுக்கும் பெறகும் கர்த்தர் சொன்னதைச் செஞ்சாரு. பிள்ளைக்காக ஏங்கிக் காத்திருந்த அன்னாளை எடுத்துக்கங்க, அவ ஆலயத்துல அழுது ஜெபிக்கிறதைப் பாத்து குடிச்சிருக்கான்னு நெனைச்சது தெருவுல போறவன் இல்ல, ஆசாரியன் ஏலி. காத்திருக்கவங்களோட அழுகையைத் தப்பாப் படிக்கிற ஊழியக்காரர் அன்னைக்கும் இருந்தாங்க, இன்னைக்கும் இருக்காங்க. 13-ம் சங்கீதம் ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’னுதான் தொடங்குது, நீங்க எழுதுன வரியும் இதுவும் ஒண்ணுதானே, தாவீது பேருல அது வேதத்துக்குள்ளயே இருக்கு. 88-ம் சங்கீதம் இன்னும் ஒரு படி மேல, மத்த புலம்பல் சங்கீதம் பெரும்பாலும் கடைசியில எப்படியோ துதியிலயோ நம்பிக்கையிலயோ வந்து நிக்கும், இது இருட்டுலயே முடிஞ்சிரும், ஆறுதலா ஒரு வரி கூடக் கடைசியில கெடையாது, அதையும் நம்ம முன்னோர் ஜெபப் புத்தகத்துல வச்சிருக்காங்க. நீதிமொழிகள் 13:12 நேராவே சொல்லிருது, ‘நெடுங்காலமாய்க் காத்திருக்குதல் இருதயத்தை இளைக்கப்பண்ணும்’னு. இளைச்சுப் போறது பாவம்னு அங்க ஒரு எழுத்தும் இல்ல. அதனால உங்க சோர்வை யாராவது அவிசுவாசம்னு சொன்னா அவங்களுக்கு வேதத்துல ஆதாரம் இல்லன்னு நான் உறுதியாவே சொல்றேன்.

இன்னொண்ணு, இது என் ஊழியத்துலயே என்னைய ரொம்பத் தாங்குனது. நம்ம சபைகள்ல பெரிய வெள்ளி மும்மணி ஆராதனைக்கு மத்தியானம் பன்னெண்டுல இருந்து மூணு வரைக்கும் உக்காருறோம், ஞாயித்துக்கிழமை விடியக்காலம் இருட்டுலயே ஈஸ்டருக்குப் போயிருறோம், நடுவுல சனிக்கிழமை கோயிலைக் கழுவுறதும் பூ கட்டுறதுமா ஓடிரும். ஆனா சீஷருங்களுக்கு, இயேசு கல்லறையில கெடந்த அந்தச் சனிக்கிழமைதான் நிஜமான நாள். அன்னைக்கு ஒருத்தர் கூட விசுவாசத்தோட காத்திருக்கல. விடிஞ்சதும் கல்லறைக்குப் போன பொம்பளைங்க கூட செத்த உடம்புக்குப் பூசத்தான் சுகந்தவர்க்கம் எடுத்துட்டுப் போனாங்க, உயிர்த்தெழுவாருன்னு எதிர்பாத்துப் போகல. எருசலேம்ல இருந்து எம்மாவுங்குற ஊருக்கு நடந்து போன ரெண்டு சீஷரும் ‘நம்பியிருந்தோம்’னு, முடிஞ்சு போன காரியமாத்தான் சொல்றாங்க, லூக்கா 24-ல பாருங்க. நம்பிக்கை செத்துப்போயி வீட்டுக்குத் திரும்புறவங்க பக்கத்துலதான் இயேசு வந்து கூட நடக்குறாரு, அவங்களுக்கு அவரு யாருன்னே தெரியல, அப்பவும் கூடவே நடந்து வீட்டுக்குள்ள வந்து சாப்பாட்டுல உக்காருறாரு. யாரோட விசுவாசத்தோட பலத்துலயும் அந்தக் கல்லறைக் கல்லு பொரளல. நம்பிக்கையை எப்படிப் பிடிச்சுக்கிறதுன்னு நீங்க கேட்டீங்களே, உங்க கை தளந்துட்டா எல்லாம் கீழ விழுந்துரும்னு பயந்துதானே கேட்டீங்க, அது உங்க கையில தொங்கல சகோதரி. நான் இந்தப் பதில்ல சொல்ல வந்ததே இதுதான், மத்ததெல்லாம் இதுல இருந்து வர்றது.

அந்த அட்டை விஷயத்துக்கு வர்றேன். போன வருஷம் உங்களுக்கு வந்தது எரேமியா 29:11, சமாதானத்துக்கேதுவான நினைவுகள்ங்குற வசனம். நல்ல வசனம், நானும் எத்தனையோ பேருக்குப் படிச்சுக் காட்டியிருக்கேன். ஆனா அதுக்கு மேல இருக்க பத்தாம் வசனத்தை அட்டையில அச்சடிக்க மாட்டாங்க, அதுல எழுபது வருஷம்னு இருக்கு. பாபிலோனுக்குச் சிறையா போன ஜனங்களுக்கு எழுதுன கடுதாசி அது, அதை வாசிச்சுக் கேட்ட பெரியவங்கள்ல முக்காவாசிப் பேரு எருசலேமைத் திரும்பப் பாக்காமலேயே செத்திருப்பாங்க. முந்தின அதிகாரத்தையும் படிச்சுப் பாருங்க, அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி ரெண்டே வருஷத்துல எல்லாம் திரும்பி வந்துரும்னு ஆலயத்துல எல்லார் முன்னாடியும் சொல்றான், கேக்க எவ்வளவு இனிப்பா இருந்திருக்கும். எரேமியா அவன்கிட்ட இந்த ஜனத்தைப் பொய்யை நம்பும்படி செஞ்சன்னு சொல்றாரு, அந்த வருஷமே அனனியா செத்துப் போறான். இன்னைக்குக் கன்வென்ஷன் மேடையில ‘மூணு மாசத்துல மணமேடை’ன்னு தேதி போட்டுச் சொல்றவங்களை நெனைச்சா எனக்கு அனனியாதான் ஞாபகம் வர்றாரு. அட்டை எடுக்குறது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், ஒரு வசனத்தை வருஷம் முழுக்க மனசுல வச்சுத் தியானிக்க அது ஒரு நல்ல வழி, கிராமத்துல எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிங்க அந்த ஒரு வசனத்தை மனப்பாடம் பண்ணிக்கிட்டு வயல்ல சொல்லிக்கிட்டே களை எடுத்ததைப் பாத்திருக்கேன். ஆனா கூடையில கை விட்டு எடுத்த வசனம் உங்க கல்யாணத்துக்குத் தேதி குறிச்ச கடுதாசி ஆகாது. அது பலிக்கலன்னா கர்த்தர் பொய் சொல்லிட்டாருன்னு அர்த்தமும் ஆகாது, அப்படி ஒண்ணை அவரு உங்களுக்குச் சொல்லவே இல்லையே.

இப்ப கொஞ்சம் கசப்பான ஒண்ணு சொல்லணும். எல்லாக் காத்திருப்பும் கர்த்தர் வச்சது இல்ல. நீங்களே எழுதியிருக்கீங்க, ரெண்டு எடம் நகை பேச்சுல நின்னு போச்சு, ஒரு எடம் பையன் நல்லவன், சபைக்கு ஒழுங்கா வர்றவன், ஆனா வேற சாதின்னு உங்க அப்பா தரப்புல வேண்டாம்னுட்டாங்கன்னு. நம்ம கிறிஸ்தவ மணமகள் தேவை விளம்பரத்தை எடுத்துப் பாருங்க, சி.எஸ்.ஐ.ன்னு, அதாவது தென்னிந்தியத் திருச்சபைன்னு போட்டு, பக்கத்துலயே சாதிப் பேரும் இருக்கும், ஞானஸ்நானத்துல முங்கியும் அது கரையல. பொண்ணுக்கு முப்பது தாண்டுனா கழிச்சு விடுறது, நெறம் பாக்குறது, இத்தனை பவுன்னு பேசுறது, இதெல்லாம் மனுஷன் கட்டுன சுவரு. அதுக்கு முன்னாடி ஒரு பொண்ணை நிக்க வச்சு ‘கர்த்தருடைய வேளைக்குக் காத்திரு’ன்னு சொல்றது நம்ம பாவத்தைத் தூக்கிக் கர்த்தர் தலையில போடுறது, நான் இதை மேடையிலயும் சொல்லியிருக்கேன், சில பேருக்குப் பிடிக்கல. உங்க வீட்டுல உக்காந்து இதைப் பேசுங்க, அந்த மாதிரி எடம் இன்னொண்ணு வந்தா என்ன சொல்லப் போறோம்னு இப்பவே அப்பாட்ட கேளுங்க. முப்பத்தேழு வயசுல நீங்க உங்க வாழ்க்கையைப் பத்தி வாய் திறந்து பேசுறது கீழ்ப்படியாமை ஆகாது.

எது உறுதின்னு கேட்டீங்கன்னா, கர்த்தர் உங்களைக் கைவிட மாட்டார்ங்குறது உறுதி, கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்ங்குறதுல நம்ம எல்லாருடைய முடிவும் இருக்குங்குறது உறுதி, உங்க கண்ணீர் அவருக்கு எரிச்சல் இல்லங்குறது உறுதி. எது உறுதி இல்லன்னா, உங்களுக்குக் கல்யாணம் நடக்கும்ங்குறது. நான் ‘கட்டாயம் நடக்கும்’னு சொன்னா நீங்க சந்தோஷப்படுவீங்க, ஆனா அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. ஒவ்வொருத்தருக்கும் கர்த்தர் ஒரு ஆளை முன்னாடியே குறிச்சு வச்சிருக்கார்னு நம்ம பக்கம் சொல்லுவாங்க, ஈசாக்குக்கு ரெபெக்காள் மனைவியா அமைஞ்ச கதையை ஆதாரமா காட்டுவாங்க, என் வாசிப்புல அது ஒரு குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்ற கதை, எல்லாருக்குமான விதியா எனக்குத் தெரியல, இதுல என்னைய விட அதிகம் படிச்சவங்க வேற மாதிரியும் சொல்லுவாங்க. எதனால தாமதம்ங்குற கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல, பதில் இருக்கவங்க மாதிரிப் பேசுறவங்ககிட்ட கொஞ்சம் தள்ளியே இருங்க. எபிரெயர் 11 விசுவாச வீரருங்க பட்டியல்னு எல்லாரும் பிரசங்கம் பண்ணுவோம், 39-ம் வசனம் வரைக்கும் போக மாட்டோம், இவங்க எல்லாரும் நற்சாட்சி பெற்றும் வாக்குத்தத்தம் பண்ணப்பட்டதை அடையலன்னு இருக்கு அதுல. நம்ம ஊருச் சரித்திரத்துலயே இதுக்கு ஒருத்தர் இருக்காரு. 1919-ல தரங்கம்பாடியில கூடி, தென்னிந்தியாவுல பிரிஞ்சு கெடக்குற சபைங்க ஒண்ணாகணும்னு அறிக்கை விட்டவங்கள்ல முக்கியமானவர் பேராயர் அசரியா. வெள்ளாளன்விளையில பொறந்தவரு, ஆங்கிலிக்கன் சபையில பேராயரான முதல் இந்தியர். அதுக்கப்பறம் பேச்சுவார்த்தை, தடங்கல், திரும்பப் பேச்சுவார்த்தைன்னு இருபத்தெட்டு வருஷம் இழுத்துச்சு, கடைசியில 1947 செப்டம்பர் 27 சென்னையில தென்னிந்தியத் திருச்சபை பொறந்துச்சு. அசரியா ஐயா 1945 ஜனவரி 1-ந்தேதியே போய்ச் சேந்துட்டார். மதுரையில நீங்களும் நானும் உக்காந்து ஆராதிக்கிற சபை அவரு பாக்காத பலன்தான். அவரு நம்பிக்கை வீண் போச்சுன்னு யாராலயாவது சொல்ல முடியுமா.

ஆனா ஒண்ணு, இதைச் சொல்லி உங்க ஆசையை அமுக்க வரல. கல்யாணம் வேணும்ங்குற ஆசை நல்ல ஆசை, அதைக் கர்த்தர்ட்ட கூச்சப்படாம கேளுங்க. லேடி டோக் காலேஜை 1948-ல ஆரம்பிச்ச மிஸ் கேட்டி வில்காக்ஸ் மாதிரி கல்யாணம் பண்ணாமலே இந்த ஊருல பெரிய வேலை செஞ்ச பொம்பளைங்க இருந்தாங்கன்னு உங்களுக்கும் தெரியும், தனியா இருக்கவங்க அரைகுறை ஆளு இல்லங்குறதுக்கு அது சாட்சி, பவுலும் அப்படித்தான் எழுதுறாரு. அதுக்காக அவங்களை மாதிரி இருந்துக்கங்கன்னு உங்ககிட்ட சொல்ல யாருக்கும் உரிமை கெடையாது.

காத்திருக்கும்போது என்ன செய்யுறதுன்னா, எரேமியா அந்தக் கடுதாசியிலயே சொல்லியிருக்காரு, வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, அதோட பலனைச் சாப்பிடுங்க, இருக்க ஊரோட சமாதானத்துக்காக ஜெபிங்கன்னு. அதே எடத்துல கல்யாணம் பண்ணுங்கன்னும் இருக்கு, அதை நான் மறைக்கல, கர்த்தர் அந்த ஆசையை மதிக்கிறார்னு அதுலயே தெரியுது. கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கம் வானம் பாத்த பூமியில மழை வர்றதுக்கு முன்னாடியே கண்மாய்க்கு வர்ற வாய்க்காலை வெட்டி மடையைச் சரி பண்ணி வைப்பாங்க, மழை வரும்னு அவங்களுக்கு யாரும் எழுதிக் கொடுக்கல, ஆனா வாய்க்கா தூந்து கெடந்தா வர்ற மழையும் வீணாப் போகும், அந்த வேலையே அவங்களை அந்த ஊருல இருக்க வைக்குது. நீங்க ‘கல்யாணத்துக்கு அப்பறம் பாத்துக்கலாம்’னு எதையெல்லாம் தள்ளி வச்சிருக்கீங்கன்னு உக்காந்து யோசிங்க. எம்.ஃபில் பாதியில நிக்குதுன்னு எழுதியிருந்தீங்க, இப்ப எம்.ஃபில் நிறையப் பல்கலைக்கழகத்துல இல்ல, ஆனா பி.எச்.டி.க்கோ வேற படிப்புக்கோ போக யாரு அனுமதி வேணும். சம்பளத்துல உங்க பேருல ஒரு சேமிப்பு, நல்ல கட்டில், ஜன்னல்ல செடி, தோழிங்களோட ஒரு பயணம், இதெல்லாம் ‘வந்தவரோட’ செய்யணும்னு காத்திருக்க வேண்டியது இல்ல. என்கிட்ட வர்ற பல பேருக்கு வலி கல்யாணம் ஆகாததுல பாதி, வாழ்க்கை இன்னும் ஆரம்பிக்கவே இல்லங்குற நெனப்புல பாதி. அந்த ரெண்டாவது பாதிக்கு யாருக்காகவும் காத்திருக்கத் தேவையில்ல.

ஜெபத்தை நிறுத்தலாமான்னு கேட்டீங்க. வேதத்துல ரெண்டும் இருக்கு. லூக்கா 18-ல அந்த விதவை விடாம கேட்டுக்கிட்டே இருக்கா, பவுல் தன் உடம்புல முள்ளு மாதிரி இருந்த உபாதை நீங்கணும்னு மூணு தரம் வேண்டிக்கிட்டு, என் கிருபை உனக்குப் போதும்னு பதில் வந்ததும் நிறுத்திட்டாரு. உங்களுக்கு அப்படி ஒரு பதில் இன்னும் வரலன்னா கேக்குறதுல தப்பில்ல, ஆனா கேட்டுக் கேட்டு வாய் ஓஞ்சு போனவங்களுக்குத்தான் ரோமர் 8:26 எழுதியிருக்கு, நமக்கு எப்படி வேண்டிக்கிறதுன்னே தெரியாதப்ப ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோட நமக்காக வேண்டுறாருன்னு. கொஞ்ச நாளைக்கு இந்த ஒரு விஷயத்தை நீங்க சுமக்காம நம்பிக்கையான ஒருத்தர்ட்ட, வம்பளக்காத ஒருத்தர்ட்ட கொடுத்துருங்க, ‘எனக்காக நீங்க ஜெபிங்க, என்னால முடியல, அப்பப்ப என்ன ஆச்சுன்னு கேக்காதீங்க’ன்னு சொல்லியே கொடுங்க. நீங்க 13-ம் சங்கீதத்தையோ 88-ஐயோ சத்தமா வாசிச்சுட்டுப் படுத்துக்கங்க, அதுவே ஜெபம். ‘இதைச் செஞ்சா அதைச் செய்யுறேன்’னு பொருத்தனை மேல பொருத்தனையா ஏத்திக்கிட்டே போகாதீங்க. ஸ்பெஷல் ஜெபத்துக்குன்னு தொகை கேக்குற எடத்துக்கு ஒரு ரூபா கூடக் கொடுக்காதீங்க.

ஒரு விஷயம் மட்டும் ஆயரா இல்லாம ஆஸ்பத்திரியில இருக்கவனா சொல்றேன். தூக்கம் இல்ல, சாப்பாடு எறங்க மாட்டேங்குது, கிளாஸ்ல நிக்கும்போதே அழுகை வருதுன்னு எழுதியிருக்கீங்க. இது வாரக்கணக்கா நீடிச்சா அது காத்திருப்போட சோர்வு மட்டும் இல்லாம டிப்ரெஷனாவும் இருக்கலாம், அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர், நான் இல்ல. மதுரை பெரியாஸ்பத்திரியிலயே மனநலப் பிரிவு இருக்கு, நேர்ல போகத் தயக்கமா இருந்தா அரசோட மனநல உதவி எண் டெலிமானஸ் 14416 இலவச நம்பர், தமிழ்ல பேசலாம். வாழ வேணாம்னு ஒரு நெனப்பு எட்டிப் பாத்தாலும் அன்னைக்கே கூப்பிடுங்க. எலியா சாகணும்னு சூரைச்செடிக்குக் கீழ படுத்தப்ப கர்த்தர் முதல்ல அனுப்புனது பிரசங்கம் இல்ல, தூக்கமும் சுட்ட அடையும் தண்ணியும்தான், மருந்து மாத்திரையை நான் அந்த வரிசையிலதான் பாக்குறேன்.

வாட்ச் நைட்டுக்கு, பிடிக்கலன்னா இந்த வருஷம் போகாதீங்க, அதுல ஒரு பாவமும் இல்ல, மறுநாள் காலைல புது வருஷ ஆராதனையில திருவிருந்துக்கு மட்டும் போயி வாங்க, அங்க உங்க கையில அப்பத்தைக் கொடுக்கும்போது யாரும் உங்களுக்குத் தேதி சொல்ல மாட்டாங்க. போகணும்னு தோணுச்சுன்னா கடைசி வரிசையில உக்காந்துட்டு, கூடை வரும்போது எடுக்காம அடுத்தவங்களுக்குத் தள்ளி விட்டுருங்க. யாராவது ஏன் எடுக்கலன்னு கேட்டா, ‘இந்த வருஷம் சங்கீதம் மொத்தத்தையும் படிக்கப் போறேன்’னு சொல்லுங்க, நெசமாவே படிங்க, ஒரு நாளைக்கு ஒண்ணு வச்சா மே மாசக் கடைசியில 150-ம் முடிஞ்சிரும். நடுவுல எங்கயாவது சிக்குச்சுன்னா இங்கயே எழுதுங்க, நான் பாக்குறேன்.